சும்மா சுட்ட பலகாரம்

எங்கள் வீட்டிலிருந்து கிறிஸ்மஸ் பலகாரத் தட்டு பதினேழு வீட்டுக்குப் போகும். பதினாறு தட்டு டிசம்பர் 24 சாயங்காலம் கிளம்பும். ஒன்று மட்டும் 21-ஆம் தேதியே போய்விடும். மற்ற வீட்டு வாசலில் நின்று அம்மா, "பண்டிகைப் பலகாரம், எடுத்துக்கிடுங்க" என்பாள். அந்த ஒரு வீட்டில் மட்டும், "சும்மா சுட்டேன், பிள்ளைகளுக்குக் குடு" என்பாள். சித்தியும் சும்மாதான் வாங்கிக்கொள்வாள். தட்டு திரும்பி வரும்போது அதில் ஒரு சீப்பு வாழைப்பழமோ, ஒரு துண்டு கருப்பட்டியோ இருக்கும். அதுவும் சும்மாதான்.

சித்தப்பா, அப்பாவின் கூடப்பிறந்த ஒரே தம்பி. இரண்டு தெரு தள்ளி மேட்டுத்தெருவில் வீடு. 1994-ல் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து ஒரு பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்தார். அவர் சேர்ந்த சபையில் கிறிஸ்மஸ் கிடையாது. ஸ்டார் கிடையாது, மரம் கிடையாது, கேக் கிடையாது. டிசம்பர் 25 அவருக்கு இன்னொரு நாள். அது ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் மட்டும் கொஞ்சம் சங்கடம். எங்கள் கோயில் ஸ்பீக்கர் சத்தத்தில் அவர்கள் பிரசங்கம் அவர்களுக்கே கேட்காது.

நான் சொல்லும் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் நாசரேத் பக்கம். குளத்துப் பாசனம், வாழை, அதைத் தாண்டினால் செம்மண் தேரி, பனை. சென்னை நண்பன் ஒருவனை முதல்முறை ஊருக்குக் கூட்டிவந்தபோது, பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் "நாசரேத் நாசரேத்" என்று கூவியதைக் கேட்டு, "பெத்லகேமுக்கு எங்கடா மாறணும்?" என்று கேட்டான். எங்களுக்கு அது சிரிப்பாகத் தோன்றாது. முதலூர், மெஞ்ஞானபுரம், சாயர்புரம், இடையன்குடி என்று சுற்றிலும் இப்படிக் கிறிஸ்தவ ஊர்கள்தான். முதலூருக்கு அந்தப் பெயர் வந்ததே இந்தப் பக்கத்தில் கிறிஸ்தவர்களுக்கென்று உருவான முதல் ஊர் என்பதால். 1799-ல் தாவீது சுந்தரானந்தம் என்கிற உபதேசியார் முன்நின்று உண்டாக்கியது. இன்றைக்கு அந்த ஊரின் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது மஸ்கோத் அல்வா. நெய் இல்லாமல் தேங்காய்ப் பாலிலேயே கிண்டி இறக்குவது. இலங்கைக்குப் பிழைக்கப் போய்த் திரும்பியவர்கள் கொண்டுவந்த கைப்பக்குவம் என்பார்கள்.

சித்தப்பா பிரிந்து போனதைப் பெரிய அதிசயமாக ஊரில் பேசினார்கள். எங்கள் வீட்டில் அது இரண்டாவது பிரிவு. ஆச்சி மெஞ்ஞானபுரத்துப் பக்கம், சி.எம்.எஸ். மிஷன் வழி வந்தவள். தாத்தா எஸ்.பி.ஜி. மிஷன் வழி. இரண்டும் இங்கிலாந்திலிருந்து வந்த ஆங்கிலிக்கன் மிஷன்தான், ஆனால் எஸ்.பி.ஜி. கோயிலில் சடங்கு கூடுதல், சி.எம்.எஸ்.ஸில் பிரசங்கம் கூடுதல். 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை உண்டாகி எல்லாம் ஒன்றாகிவிட்டது. ஆச்சிக்கு அந்தத் தகவல் கடைசிவரை போய்ச் சேரவில்லை. எங்கள் கோயிலில் மெழுகுதிரி ஒன்று கூடுதலாக எரிந்தால், "எங்க சி.எம்.எஸ். கோயில்ல இந்த ஆட்டமெல்லாம் கிடையாது" என்று பெஞ்சிலேயே முணுமுணுப்பாள். மெஞ்ஞானபுரம் கோயில் கோபுரம் 192 அடி. தேரிக்காட்டில் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். கல்யாணமான புதிதில் அழுகை வந்தால் ஊருக்கு வெளியே போய் அந்தக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு வருவாளாம்.

சித்தப்பாவுக்கு வருவோம். அவர் பிரிந்ததில் ஊருக்கு உண்டான நஷ்டம் வேறு. ஊரிலேயே அவரைப்போல ஸ்டார் கட்ட ஆள் கிடையாது.

இன்றைக்கு ஸ்டார் கடையில் மடித்துக் கிடைக்கிறது, விரித்து மாட்டினால் முடிந்தது. அன்றைக்குக் கட்ட வேண்டும். மூங்கிலுக்கு நாங்கள் எங்கே போவது, பனைமட்டைதான். காய்ந்த மட்டையைச் சித்தப்பா நீளவாக்கில் விரல் கனத்துக்கு வகிர்ந்து, சிராய் போக வழித்துவைப்பார். ஐந்து குச்சியில் ஒரு நட்சத்திரம். அதே அளவில் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் பனைநாரால் கட்டுவார். அப்புறம் நடுவில், குச்சிகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் ஐந்து இடத்திலும் அரையடிக் குச்சி ஒவ்வொன்றைக் கொடுத்து உள்ளிருந்து தள்ளி நிறுத்துவார். தட்டையாகக் கிடந்தது சட்டென்று வயிறு உப்பி எழும். அதைப் பார்க்கத்தான் நாங்கள் சுற்றி உட்கார்ந்திருப்போம். அதற்குமேல் கலர்த்தாள். பசை மைதா மாவில் காய்ச்சியது. அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார், இல்லையென்றால் கரப்பான் ஒரே ராத்திரியில் தாளைத் தின்றுவிடும். "கையை வாயில வச்சிராதலே, செத்துப்போவ" என்பதுதான் எங்களுக்கு வருடாவருடம் கிடைத்த கிறிஸ்மஸ் செய்தி. வயரிங் வேலை தெரிந்தவர் என்பதால் பல்பும் அவர்தான் மாட்டுவார். டிசம்பர் எங்களுக்கு மழை மாதம். அதனால் ஸ்டாருக்குமேல் பாலிதீன் உறை ஒன்று. மழை நேரத்தில் அந்த உறையில் தண்ணீர் வழிய வழிய உள்ளே சிவப்பு வெளிச்சம் நெளியும்.

1994 டிசம்பரில் எங்கள் வாசலில் ஸ்டார் இல்லை. அப்பா கட்டிப் பார்த்தார். ஐந்து முனையில் மூன்று சரியாக வந்தது.

அந்த வருடம் நடந்த சண்டை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, எனக்குப் பத்து வயது. சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து, "டிசம்பர் 25-ன்னு வேதத்துல எங்க போட்டிருக்கு? ஒரு வசனம் காட்டுங்க" என்று கேட்டார். அப்பா ஏதேதோ சொன்னார். வசனம் இல்லை என்பதுதான் உண்மை. சுவிசேஷங்களில் மேய்ப்பர்கள் ராத்திரியில் மந்தை காத்தது இருக்கிறது, தேதி இல்லை. பின்னாளில் நான் தேடிப் படித்ததில், ரோமாபுரியில் டிசம்பர் 25-ல் இந்தப் பண்டிகை இருந்ததற்குக் கிடைக்கும் பழைய குறிப்பே கி.பி. 336-ஐச் சேர்ந்தது. ஆர்மீனியர்கள் இன்றைக்கும் ஜனவரி 6-ல்தான் கொண்டாடுகிறார்கள். சித்தப்பாவின் கட்சியும் புதிதல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் குடியேறிய பியூரிட்டன்கள் 1659-லிருந்து 1681 வரை கிறிஸ்மஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டமே வைத்திருந்தார்கள். இது தெரிந்திருந்தால் சித்தப்பா அன்றைக்கு அப்பாவை இன்னும் ஒரு வழி பண்ணியிருப்பார்.

தாத்தா அதுவரை வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்கும்தாம்ல பொறந்த தேதி தெரியாது. பள்ளிக்கூடத்துல சேத்த வாத்தியாரு கைக்கு வந்ததப் போட்டாரு. அதுக்காவ நான் பொறக்கலன்னு ஆயிருமா?"

சித்தப்பா பதில் பேசவில்லை. ஆனால் மாறவும் இல்லை. தாத்தாவின் தர்க்கத்துக்குக் கைதட்டலாம். சித்தப்பாவின் பிடிவாதத்தையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். சொந்தபந்தம் கேலி பேசும், கல்யாண வீட்டில் ஓரமாக உட்காரவைப்பார்கள், மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது கஷ்டமாகும் என்று தெரிந்தும் தனக்குச் சரி என்று பட்டதைச் செய்தவர். நானெல்லாம் கோயிலுக்குப் போவதில் பாதி, யாராவது கேட்டால் பதில் சொல்லச் சோம்பல்பட்டு.

21-ஆம் தேதித் தட்டு அதற்கு அடுத்த வருடம் தொடங்கியது. 1994-ல் அம்மா 24-ஆம் தேதி கொண்டுபோன தட்டு அப்படியே திரும்பி வந்திருந்தது. "பண்டிகைக்குச் செஞ்சது வேண்டாம் மைனி, மனசாட்சிக்கு ஒத்துக்கிடல" என்று சித்தப்பா சொல்லிவிட்டார். அம்மா ஒரு வருடம் முழுக்க யோசித்திருக்க வேண்டும். தேதியை மாற்றினாள், வார்த்தையை மாற்றினாள். முறுக்கை மாற்றவில்லை.

முறுக்கு என்றால் அச்சு முறுக்கு. பச்சரிசி மாவு, தேங்காய்ப் பால், முட்டை, சீனி, கொஞ்சம் எள். மாவு தோசை மாவைவிட ஒரு கை தளர்வாக இருக்க வேண்டும். பூ மாதிரி இரும்பு அச்சு, நீளக் கம்பிக் கைப்பிடி. அச்சை முதலில் எண்ணெயிலேயே போட்டுக் காயவிட வேண்டும். காயாமல் மாவில் முக்கினால் ஒட்டாது. ரொம்பக் காய்ந்தால் மாவு அச்சிலேயே வெந்து பிடித்துக்கொள்ளும். முக்கும்போது முக்கால் பாகம்தான், மேல்விளிம்பில் மாவு ஏறிவிட்டால் கழலாது. எண்ணெயில் இறக்கி, கொதி அடங்கும் நேரம் பார்த்து ஒரு உதறு. பூ தனியே கழன்று மிதக்கும். முதல் நாலைந்து எப்போதும் பாழ், அவை எங்கள் பங்கு. அம்மா ஒரே உட்காரலில் முந்நூறு சுடுவாள். அடுத்த நாள் முந்திரிக்கொத்து. வறுத்துத் திரித்த பாசிப்பயற்றைக் கருப்பட்டிப் பாகில் உருட்டி, மூன்று மூன்றாக மாவில் தோய்த்துப் போடுவது. பேரில் இருக்கும் முந்திரி பலகாரத்தில் இருக்காது. அதைக் கேட்கக் கூடாது.

கேரல் ரவுண்ட்ஸ் பற்றிச் சொல்லாவிட்டால் என் நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். ராத்திரி பத்து மணிக்குக் கோயில் முன்னால் கூடி, ஒரு டிரம், ஒரு சிங்கி, ஸ்ருதி சேராத ஆர்மோனியம் ஒன்று, எல்லாவற்றையும் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வீடுவீடாகப் போவோம். வீட்டுக்கு இரண்டு பாட்டு. ஒரு ஆங்கிலக் கேரலைத் தமிழில் இழுத்தால், அடுத்தது கீர்த்தனை. ராகமும் தாளமும் போட்ட கீர்த்தனை எங்கள் கோயில்களில் நிலைக்கப் பெரும் காரணம் பாளையங்கோட்டையில் 1774-ல் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார். தஞ்சையில் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் (பாதிரியாரை நாங்கள் ஐயர் என்போம்) வளர்ந்தவர், சரபோஜி மன்னருக்குப் பால்ய நண்பர். ஆங்கிலக் கேரலுக்குக் கொட்டாவி விடும் கிழவர்கள் கீர்த்தனை எடுத்ததும் போர்வையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்வார்கள். எங்கள் கிறிஸ்மஸ் தாத்தா பத்து வருடமாக ஒரே ஆள். ஊர் இசக்கியம்மன் கோயில் பூசாரியின் மகன், என் வகுப்புத் தோழன். தொப்பைக்குத் தலையணை வைக்க வேண்டாத ஒரே ஆள் அவன்தான் என்பது தேர்வுக் குழுவின் முடிவு. அவன் ஒருமுறை காய்ச்சலில் படுத்தபோது கமிட்டியில் பெரிய விசாரமே நடந்தது. மேட்டுத்தெரு வழியாகப் போகும்போது சித்தப்பா வீட்டை மட்டும் டிரம் அடிக்காமல் தாண்டுவோம். யாரும் சொல்லி வைத்ததில்லை. உள்ளே லைட் எரிந்துகொண்டுதான் இருக்கும்.

பிறகு 2023.

அந்த டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயலில் சென்னையில் என் வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். அம்மா போனில் ஒப்பாரியே வைத்தாள். "பேசாம ஊருக்கு வந்திரு, இங்க ஒரு சொட்டு மழை இல்ல" என்றாள். பதின்மூன்று நாள் கழித்து, டிசம்பர் 17, கிறிஸ்மஸுக்கு முந்தைய அட்வென்ட் நாட்களின் மூன்றாவது ஞாயிறு. விடாமல் பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் மாவட்டத்துக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். குளங்கள் உடைந்தன, தாமிரபரணி கரை தெரியாமல் ஓடியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுப் பொங்கி அவர்களுக்குச் சோறு போட்டார்கள்.

ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு அம்மாவின் போன் கடைசியாக அடித்தது. அதற்கப்புறம் இரண்டு நாள் எந்தப் போனும் இல்லை. அந்த இரண்டு நாளில் நான் செய்த ஜெபங்களை எந்த மிஷன் கணக்கில் சேர்ப்பது என்று ஆச்சி இருந்தால் கேட்டிருப்பாள்.

நடந்தது இது. ராத்திரி பதினொரு மணிக்கு சித்தப்பா டார்ச் லைட்டும் கயிறுமாக இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறார். அப்பா, "விடிஞ்சதும் பாப்போம்" என்று கட்டில்மேல் உட்கார்ந்திருக்கிறார். "விடியும்போது நீ இருக்கணுமில்ல" என்று சொல்லி, அண்ணனை வாழ்நாளில் முதல்முறையாக ஒருமையில் அதட்டி, இருவரையும் கயிற்றைப் பிடிக்கச் சொல்லி நடத்திக் கூட்டிப்போயிருக்கிறார். அவர் அறுபதைத் தாண்டியவர், மூட்டு வலிக்காரர்.

எங்கள் பக்கம் ரயில் ஓடவில்லை. திருநெல்வேலி வரை பஸ், அங்கிருந்து வண்டி மாறி மாறி 22-ஆம் தேதி ஊர்போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் வாழை ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது, சீவிவிட்ட மாதிரி. எங்கள் வீட்டுச் சுவரில் ஜன்னல் உயரத்துக்கு ஒரு சேற்றுக் கோடு. உள்ளே முழங்கால் வரை சகதி. அதை அள்ளிக் கொட்டக் காயல்பட்டினத்திலிருந்து என் கல்லூரி நண்பன் வந்திருந்தான். அவன் ஊரே மூழ்கியிருந்தது. "எங்க வீட்டுல அள்ளி முடிச்சாச்சு, கை சும்மா இருக்கு" என்றான். ரம்ஜானுக்கு அவன் வீட்டுக் கஞ்சியை நான் குடித்த கணக்கை ஒப்பிட்டால் அவன் இன்னும் நாலு வீடு அள்ளலாம் என்றேன். இரண்டு பேரும் சகதிக்குள் நின்று சிரித்தோம்.

அடுப்படி மூலையில் அம்மாவின் இரண்டு தகர டின் ஒதுங்கிக் கிடந்தது. சனிக்கிழமையே முறுக்கைச் சுட்டு அடைத்து வைத்திருந்தாள். தண்ணீர் ஏறியதும் இரண்டும் மிதந்திருக்கின்றன. ஒன்று கவிழ்ந்து எல்லாம் கூழ். இன்னொன்று மூடி இறுக்கமாக இருந்திருக்கிறது. நண்பன் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்தான். உள்ளே முறுக்கு மொறுமொறுவென்று அப்படியே இருந்தது. அவன் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, "கொஞ்சம் சீனி கம்மி" என்றான்.

டின்னைச் சித்தப்பா வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பாவும் அம்மாவும் அங்கேதான் இருந்தார்கள். அம்மா டின்னைப் பார்த்ததும் சேலை முந்தானையால் துடைத்து, சித்தியின் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள். 21-ஆம் தேதி தாண்டிவிட்டது. ஒருவரும் திறக்கவில்லை.

கோயிலுக்குள்ளும் சகதி. 23-ஆம் தேதி முழுக்கக் கழுவினோம். பாட்டுப் புத்தகங்களை வெயிலில் விரித்துப் பார்த்தோம், பக்கங்கள் ஒட்டிக்கொண்டு செங்கல் மாதிரி ஆகியிருந்தன. கேரல் ரவுண்ட்ஸ் இல்லை, மரம் இல்லை, புதுத்துணி இல்லை. ஐயர், அதிகாலை ஆராதனை மட்டும் உண்டு, ஜெனரேட்டர் சொல்லியிருக்கிறது என்றார். ஜெனரேட்டர் 24 சாயங்காலம் வந்தது. வயரெல்லாம் ஊறிப்போயிருந்ததால் எங்கே கொடுத்தாலும் ட்ரிப் ஆனது. ஊரில் இருந்த ஒரே வயர்மேனைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

சித்தப்பா ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து அந்தக் கோயிலுக்குள் வந்தார். செருப்பை வாசலில் விட்டார். யாரிடமும் பேசவில்லை. பழைய லைனை அறுத்துவிட்டு, புது வயரை மேலோடு இழுத்து, பீடத்துக்கு இரண்டு, நடுவில் நாலு, வாசலுக்கு ஒன்று என்று பல்பு கொடுத்தார். எட்டு மணிக்குமேல் ஆகிவிட்டது. கடைசியாக வெளியே போனவர் ஏணியை மணிக்கூண்டில் சாய்த்து ஏறினார். அங்கே வெள்ளத்துக்கு முன்னால் பையன்கள் கட்டிய பெரிய ஸ்டார், கம்பியும் கிழிசலுமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பல்பு எரிந்தது. அவர் இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம், "மேல வரைக்கும் கரண்ட் வருதான்னு பாத்தேன்" என்றார். சரி சித்தப்பா என்றேன். கூலி எவ்வளவு என்று ஐயர் கேட்டதற்கு வயருக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.

நாலரை மணி ஆராதனைக்கு இருக்கிற துணியில் வந்தார்கள். பாட்டுப் புத்தகம் இல்லாததால் தெரிந்த பாட்டுகளைத்தான் பாடினோம். அதில் ஒரு விஷயம் கண்டுகொண்டேன். எல்லோருக்கும் எல்லாப் பாட்டிலும் முதல் சரணம்தான் மனப்பாடம். கிழவிகளுக்கு மட்டும் கடைசிவரை தெரிந்திருந்தது. இரண்டாம் சரணத்திலிருந்து கோயில் முழுக்கக் கிழவிகளின் குரல். ஜெனரேட்டரின் இரைச்சலுக்குமேல் அந்தக் குரல்கள் நடுங்கி நடுங்கிப் போய்க்கொண்டிருந்தன. கிறிஸ்மஸ் தாத்தாவாக வர வேண்டியவன் சிவப்பு உடுப்பு இல்லாமல் லுங்கியோடு வாசலில் நின்று, நிவாரணத்துக்கு வந்த பிஸ்கட் பாக்கெட்டுகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

வீடு திரும்பும்போது வெளுத்துவிட்டது. சித்தி இட்லியும் கறிக்குழம்பும் வைத்திருந்தாள். ஆறு நாள் நிவாரண உப்புமாவுக்கு அப்புறம் கறி. "நேத்து கடையில கெடச்சிது, அதான்" என்றாள், யாரும் கேட்காமலே. சாப்பிடுமுன் சித்தப்பா ஜெபம் செய்தார். அவர் ஜெபம் நீளம். உயிர் தப்பியதற்கு ஸ்தோத்திரம், அண்ணனுக்கும் மைனிக்கும் சுகம், மாடு செத்த வீடுகள், வாழை போன வீடுகள், ஸ்ரீவைகுண்டத்தில் நின்ற ரயில்வரை வந்தது. கிறிஸ்மஸ் என்ற சொல் மட்டும் வரவில்லை. அம்மா ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

ஆமென் சொல்லி, இட்லி முடிந்து, கை கழுவி வந்த சித்தப்பா அரிசிப் பானைக்குப் பக்கத்தில் நின்றார். டின்னை எடுத்தார். மூடியை நகத்தால் நெம்பப் பார்த்து, வராமல், வயர் வெட்டும் கத்தியை எடுத்துத் திறந்தார்.

"சும்மா சுட்டதுதான மைனி?"

"ஆமா, சும்மாதான்" என்றாள் அம்மா.

ஒன்றை எடுத்து இரண்டாக உடைத்து, பாதியை அப்பாவிடம் கொடுத்தார். சீனி கம்மி என்று அவரும் சொன்னார்.